சபூராவின் சாட்சி

சபூராவின் வீட்டுக்குக் கல்யாணம் சொல்ல யாரும் வருவதில்லை. ஆரியசாலைக்குப் பின்னால், மிளகாய்வத்தல் மண்டிகளின் நெடி போகாத ஒரு சந்தில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறேழு லைன் வீடுகள் இருக்கின்றன. கடைசி வீடு அவளுடையது. பத்திரிகையோடு வருகிறவர்கள் அதற்கு முந்தின வீட்டோடு திரும்பிவிடுவார்கள். திரும்பும்போது அவள் வாசலில் நின்றால் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். "செரி, வெயிலு ஏறும் முன்னெ போங்க" என்று அவர்களுக்கே வழி சொல்லி அனுப்புவாள். உள்ளே வந்து, ஹோட்டல்களுக்குப் போட்டுக்கொடுக்கிற இடியாப்பத்துக்கு உரலில் மாவைத் திணித்து, கை வலிக்கும்வரை பிழிவாள்.

எல்லாம் அவள் புருஷனால் வந்தது என்று ஊர் சொல்லும். அவள் அப்படிச் சொன்னதில்லை. அப்படி இல்லை என்றும் சொன்னதில்லை.

மீராசா தக்கலைக்காரர். பதினெட்டு வயதில் வத்தல் மண்டிக்கு எடை போட வந்தவர், இன்றைக்கும் அதே தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தாலும் குரல் உயராது. மூக்கு மட்டும் சிவக்கும். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே இறந்துபோனது. பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அடக்கிவிட்டுத் திரும்பும்போது ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் ஆறுதலாக மீராசாவின் தோளைத் தட்டினார். "அகீகா கொடுத்திருந்தா மறுமையிலெ உம்மாக்கும் வாப்பாக்கும் வேண்டிப் பேசியிருக்கும். கொடுக்காமெ போன பிள்ளை பணையத்திலெ நிக்கும்னு ஹதீஸிலெ உண்டு. செரி, விடு. அல்லாஹ் போதுமானவன்."

ஏழாம் நாள் பிள்ளைக்கு முடியிறக்கி ஆடறுத்துக் கொடுப்பதுதான் அகீகா. இந்தப் பிள்ளைக்கு ஏழாம் நாளே வரவில்லை. மீராசா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பள்ளிவாசலுக்குப் போய் அப்போது ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்த உஸ்தாதிடம், அது குர்ஆனில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். குர்ஆனில் இல்லை, நபியின் சொல்லாக வந்தது, அதற்கு அர்த்தம் சொல்வதில் இமாம்களுக்குள் வித்தியாசம் உண்டு, நீ மனசைப் போட்டு அலட்டாதே என்றார் அவர். நல்ல பதில்தான். ஆனால் மீராசாவுக்கு அதில் ஒரு சொல்தான் காதில் நின்றது. குர்ஆனில் இல்லை.

தமிழ் அர்த்தம் போட்ட குர்ஆன் ஒன்றை வாங்கிவந்து, மண்டியில் சரக்கு இல்லாத நேரங்களில் படிக்கத் தொடங்கினார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தன் பிள்ளையைப் பணையத்தில் வைத்த வரி அதில் எங்கும் இல்லை. மறுபடி படித்தார். அதற்குள் அவர் வேறு ஆளாகிவிட்டார். வேதத்தில் இருப்பது மட்டும்தான் தன்னைக் கட்டும், நபி மறைந்து இருநூறு வருஷம் கழித்து அவர் சொன்னார் இவர் சொன்னார் என்று சேர்த்து எழுதியது கட்டாது என்று டீக்கடையில் சொன்னார். டீக்கடையில் சொன்னது மாலைத் தொழுகைக்கு முன் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அப்டியா? அப்டின்னா ஒரு நேரத்துக்கு எத்தனை ரக்அத் தொழணும்னு ஒம்ம புஸ்தகத்திலெ காட்டும் பாப்போம்" என்று கேட்டார்கள். மீராசாவால் காட்ட முடியவில்லை. "எங்க வாப்பா தொழுததைப் பாத்துத் தொழுதேன், அப்டியே தொழுகேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவின் ஹதீஸ் மட்டும் செல்லும், நபியின் ஹதீஸ் செல்லாதா என்றார் ஒருவர். ஆனாலும் மீராசா பின்வாங்கவில்லை. கேள்விக்குப் பதில் தெரியாதது வேறு, பிள்ளையைப் பணையம் வைப்பது வேறு என்று வீட்டில் வந்து சபூராவிடம் சொன்னார்.

சபூரா மதறஸாவில் ஓதியதோடு சரி. அவருடைய வாதங்களில் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் அவர், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தொழக்கூடாது என்றுகூட வேதத்தில் இல்லை, அதுவும் ஹதீஸில் வந்ததுதான் என்றார்.

"அல்லாஹ் பொம்பளைக்குக் கொடுத்த ஒரே லீவு. அதையும் எடுக்கப் பாக்குதீங்களா?" என்றாள். மீராசா அன்றைக்குச் சிரித்தார். அவர் சிரித்த நாட்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன, ஏனென்றால் அவை குறைவு.

சில வருஷங்களில் ஜமாஅத் அவர் பெயரை வெட்டியது. சந்தாவை வாங்கவில்லை. முஸ்லிம் ஹோட்டல்கள் இரண்டு சபூராவிடம் இடியாப்பம் எடுப்பதை நிறுத்தின. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்து கிழக்கேகோட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சத்தியதாஸ் மட்டும் எடுத்தார். அவருக்கு விஷயம் தெரியவந்தபோது வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வேதம் மட்டும் போதும்னு சொல்லிப் பிரிஞ்சவங்கதான் நாங்களும். எங்க ஊருலெ இதே வழக்குக்கு ஆறு சர்ச் கெட்டியாச்சு. ஒங்களுக்கு இத்தனை வருஷமா ஒத்தை ஆளுதானா, சேச்சி?"

"ஒத்தை ஆளுக்கே எனக்குச் சோறு பொங்கி முடியல்லே" என்றாள் சபூரா.

அவளுடைய வாழ்க்கையைக் குலைத்தது இந்தச் சண்டை அல்ல. இதோடு அவள் வாழப் பழகிவிட்டாள். குலைத்தது வேறொன்று. அதற்கு அந்தக் குழந்தை இறந்த நாட்களுக்கே திரும்ப வேண்டும்.

பிள்ளை போனது சபூராவின் மார்புக்குத் தெரியவில்லை. பால் கட்டி, கல்லாகி, காய்ச்சலில் அவள் அனத்திக்கொண்டு கிடந்தாள். அதே லைனில், முற்றத்துக்கு அந்தப்புறம் இருந்த வீட்டில் ரம்லத்துக்கு அப்போதுதான் ஒரு மகன் பிறந்திருந்தான். மஞ்சள்காமாலை முற்றி ரம்லத்தை மெடிக்கல் காலேஜில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் அவளுடைய வயதான உம்மாவும், பொடிப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் சுருண்ட குழந்தையும். கிழவி முற்றத்தில் நின்று அழுததைப் பார்த்து, மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மீராசா போய்க் குழந்தையை வாங்கினார். பூந்துவாலையில் சுற்றி முற்றத்தைத் தாண்டிக் கொண்டுவந்து சபூராவின் பக்கத்தில் கிடத்தினார்.

குழந்தை வாய் வைத்ததும் சபூராவுக்கு உயிர் போகிற மாதிரி வலித்தது. பிறகு வலி விட்டது. அவளுக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

பிரசவித்தவள் நாற்பது நாள் முற்றம் தாண்டக்கூடாது. அதனால் பிள்ளையைக் கொண்டுவருவதும் திருப்பிக் கொடுப்பதும் மீராசாவின் வேலையாயிற்று. காலையில், மண்டிக்குப் போகும் முன். மதியம் சாப்பிட வரும்போது. சாயங்காலம். சில நாள் இரவு அங்கேயே படுத்துக்கொள்ளும். ரம்லத் தேறி வீட்டுக்கு வரும்வரை அப்படித்தான் நடந்தது. யாரும் எண்ணவில்லை. பிள்ளை அழுகிறது, கொடுக்கிறாள். இதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் ஒரு நாள்கூடக் கொடுக்காமல் இருந்ததில்லை, அது அவளுக்கும் அவருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தப் பிள்ளைதான் அன்சில். ரம்லத்தின் குடும்பம் பிறகு வள்ளக்கடவுக்குக் குடிபோய்விட்டது. அதற்கடுத்த சில வருஷங்களில் சபூராவுக்கு ஷெமி பிறந்தாள்.

ஷெமி கெட்டிக்காரி. பி.காம் படித்து, கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் பிரிவில் இருந்தாள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்; ஜமாஅத்தில் விசாரிப்பார்கள்; பிறகு போன் எடுக்கமாட்டார்கள். நெடுமங்காட்டுக்காரர்கள் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு, முந்தின நாள், வாப்பா ஹதீஸை மறுக்கிற ஹதீஸ் நிஷேதி என்று தெரியாமல் போயிற்று என்று சொல்லி முறித்தார்கள். ஷெமி அதற்காக எடுத்த சுடிதாரை மறுநாள் வேலைக்கு உடுத்திக்கொண்டு போனாள். சபூரா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். ஷெமிக்கு இருபத்தாறு முடிந்திருந்தது.

அந்த வருஷம்தான் அன்சில் வந்தான். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கப்பலோடு பிணைக்கிற வேலை. அவன் பஸ் மாறுகிற கிழக்கேகோட்டையில் தினம் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அவனுக்கு அவள் யார் என்று தெரியும், அவளுக்கும் தெரியும். குழந்தையில் அவன் அவள் வீட்டில் பால் குடித்த கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் நினைத்தது, அந்தச் சந்தில் பலரும் நினைத்ததுதான்: சேர்ந்து பால் குடித்த பிள்ளைகளுக்குத்தான் உடன்பிறப்பு முறை, கூடக் குடித்திருக்க வேண்டிய பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டது, ஷெமி பின்னால் வந்தவள், அவளுக்கும் அதற்கும் என்ன?

ஷெமி வீட்டில் சொன்னபோது மீராசா சோற்றில் கைவைத்திருந்தார்.

"எந்த அன்சிலு?"

"ரம்லத் மாமி மகன்."

அவர் கையை எடுத்துவிட்டார். "அவன் ஒங்க உம்மாக்க பாலு குடிச்சவன். ஒனக்குக் கூடப்பிறந்தவன் கணக்கு. ஆகாது."

"வாப்பா, அந்த மொறை எனக்கு மூத்ததா பிறந்து செத்துப்போன காக்காக்குத்தானே?"

"யாரு சொன்னா? பாலு கொடுத்தவ உம்மா. அவ பெத்தது எல்லாம் கூடப்பிறந்தது. அது வேதத்திலெ இருக்கு. விலக்கப்பட்டவங்க யாரு யாருன்னு சொல்லுத இடத்திலெ, பெத்த உம்மா, கூடப்பிறந்தவ, அதோட சேத்து இதையும் சொல்லுது. ஹதீஸ் இல்லே மோளே, வேதம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ரம்லத் வந்தாள். அவளும் பள்ளிவாசலில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். இப்போதிருக்கிற உஸ்தாது இளையவர், பொறுமைசாலி. பால் உறவு உண்டு, பின்னால் பிறந்தவர்களுக்கும் உண்டு. ஆனால் நாம் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹபின் சட்டப்படி ஐந்து முறை, தனித்தனியாக, வயிறு நிறையக் குடித்திருந்தால்தான் அது நிற்கும், அதற்குக் குறைந்தால் நிற்காது என்று சொல்லியிருந்தார். ஐந்து என்பது ஹதீஸில் வந்தது.

ரம்லத் சபூராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தா, நான் அன்னு ஆஸ்பத்திரியில போதமில்லாமெ கிடந்தேன். எனக்கு ஒண்ணும் அறியத்தில்லா. உம்மாயும் மரிச்சுப் போச்சு. நிங்கள்தான் சொல்லணும். ரெண்டு மூணு தடவெ, அத்தரைதானே கொடுத்தது?"

சபூரா அவள் முகத்தைப் பார்த்தாள். அது கேள்வி இல்லை, பிச்சை. எல்லாம் தெரிந்தும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து பெண் கேட்ட ஒரே முகம். சமையலறை நிலையில் ஷெமி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு இருக்கும்" என்றாள் சபூரா.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மீராசா நிமிர்ந்து பார்த்தார். மூக்கு சிவந்தது. ரம்லத் போனதும் சொன்னார்: "நான்தானே தூக்கிட்டு வந்தேன், சபூரா."

"ஆமா."

"மூணா?"

அவள் உரலைக் கழுவப் போனாள். ஷெமிதான் பேசினாள். அன்றைக்கு அவள் பேசியதை லைன் முழுக்கக் கேட்டது.

"ஹதீஸ் வேண்டாம், வேண்டாம்னு சொல்லி இந்த வீட்டு வாசலை அடச்சது நீங்க. ஒருத்தரும் வரல்லே. இப்போ வந்தது ஒருத்தன். அவனுக்கு வேதம் அடைக்குது, ஹதீஸ் திறக்குது. ஒரே ஒரு தடவெ அதுவழியா வாங்க வாப்பா. எனக்கு வேண்டி."

"எனக்கு வேணும்போது நான் அதுவழியா வந்தா, இத்தனை வருஷம் நீங்க ரெண்டு பேரும் பட்டது எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கேன். எதுக்கு?"

மீராசா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தணிந்த குரலில், "மோளே, அஞ்சுன்னு வச்சாலும் ஆகாது. அது நெறைய தடவெ. ஒங்க உம்மாக்குத் தெரியும்" என்றார்.

ஷெமி உம்மாவைப் பார்த்தாள். சபூரா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஷெமி கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்கு நிச்சயமில்லை. எந்தப் பதில் வந்தாலும் அதோடு வாழ வேண்டியவள் அவள். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அன்சில் ஒருமுறை சொன்னான். ரம்லத் அதற்கு மசியவில்லை. மஹல்லு ஜமாஅத் அறிய நிக்காஹ் நடக்காவிட்டால், தான் செத்தால் மய்யித்தைப் பார்க்கக்கூட வராதே என்றுவிட்டாள்.

ஜமாஅத் கமிட்டி கூடி, உஸ்தாதின் முன்னால் சபூரா வாயால் சொன்னால் போதும் என்று முடிவு செய்தது. வாப்பா சம்மதிக்காத குறைக்கு மீராசாவின் தம்பி தக்கலையிலிருந்து வந்து வலியாக, பெண்ணுக்குப் பொறுப்பாளாக நின்று கொடுக்கட்டும் என்றது.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதறஸாவில் வைத்துக் கேட்டார்கள். பிள்ளைகளின் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். ஒரு பக்கம் உஸ்தாதும் பிரசிடண்டும் கமிட்டிக்காரர்களும். எதிர்ப்பக்கம் சபூரா, ரம்லத், ஷெமி. அன்சில் வாசலில் நின்றான். உஸ்தாது கேள்வியைத் தொடங்கும்போது மீராசா உள்ளே வந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் கால்வைத்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். வத்தல் நெடியில் யாரோ தும்மினார்கள்.

"எந்தா மீராசா காக்கா, வழி தெற்றி இங்கெ வந்துட்டீரா?" என்றார் பிரசிடண்ட்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும். ஒங்க கணக்குப்படியே இந்த நிக்காஹ் ஆகாது. அஞ்சு இல்லே, அதுக்கு ரொம்ப மேலே. பிள்ளையைத் தூக்கிட்டு வந்தது நான்."

பிரசிடண்ட் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? ஹதீஸ் வேண்டாம்னு சொன்ன ஆளு, ஹதீஸிலெ உள்ள அஞ்சை எண்ணிப் பிடிச்சுட்டு வந்திருக்காரு. இத்தனை காலம் ஒம்மால அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரல்லே. வந்தவனையும் விரட்டணும், அல்லே?"

"என் மகளை விரட்டுத எண்ணம் எனக்கு இருக்குமா?" என்றார் மீராசா. குரல் உயரவில்லை.

உஸ்தாது கையமர்த்தினார். "நிங்கள் உட்காருங்கோ. ஞான் நிங்களைப் பொய்யன் என்னு சொல்லவில்லை. பட்சே பால் விஷயத்தில் ஒரு ஆணின் சாட்சி மட்டும் எடுக்க மாட்டாது. அதும் நிங்கள் இந்த ஜமாஅத்துக்காரரும் அல்ல."

"ஒரு பொண்ணு சொல்லு போதும்னு ஒங்க ஹதீஸிலெதானே இருக்கு" என்றார் மீராசா. "நபி காலத்திலெ, கல்யாணம் முடிச்ச ரெண்டு பேருகிட்டே, நான் உங்க ரெண்டு பேருக்கும் பாலு கொடுத்தேன்னு ஒரு பொண்ணு வந்து சொன்னா. அந்த மாப்பிள்ளை நம்பல்லே. அப்டி ஒரு சொல்லு வந்தபிறகு எப்டிச் சேந்து இருப்பேன்னு கேட்டு, நபி பிரிச்சு விட்டாங்க. நான் அதை எடுக்குதவன் இல்லே. நீங்க எடுக்குதவங்க. அப்டின்னா எடுங்க."

இத்தனை வருஷமாகத் தள்ளிவைத்த புத்தகங்களை மீராசா படித்திருக்கிறார் என்பது சபூராவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. உஸ்தாதின் முகம் மாறிற்று. அவர் நேர்மையானவர்.

"சரிதான். அந்த ஹதீஸ் உண்டு" என்றார். "அதில் பால் கொடுத்தவளின் வாக்கைத்தான் எடுத்தது. இங்கும் எடுக்கும்." அவர் சபூராவை நேராகப் பார்க்காமல், அவள் இருந்த பக்கமாகத் திரும்பினார். "உம்மா, நிங்கள் சொல்லுங்கோ. யாருக்கும் பயப்பட வேண்டாம். ஓர்மையில்லை என்னாலும் சொல்லலாம். நிங்கள் சொல்வதுதான் கடைசி."

சபூரா முதலில் மீராசாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. அவள் உண்மையைத்தான் சொல்வாள் என்கிற பார்வை. பூந்துவாலையில் சுற்றின சூட்டை நெஞ்சோடு அணைத்து முற்றத்தைத் தாண்டி வந்த அந்த ஆளை அவளுக்குத் தெரியும். தன் பிள்ளையை மண்ணில் வைத்த கையால் இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிவந்தவர். பிறகு அவள் ஷெமியைப் பார்த்தாள். ஷெமி யாரையும் பார்க்கவில்லை. நகத்தால் பெஞ்சின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காதோரம் ஒரு நரைமுடி. இருபத்தாறு வயதில்.

"மூணு தடவெ" என்றாள் சபூரா. "அதும் வயறு நிறையக் குடிக்கல்லே."

"உறப்பாணோ?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டார் உஸ்தாது.

"ஒறப்புதான். இவங்களுக்கு வேறெ ஓர்மை. அன்னு இவங்க ரொம்பச் சங்கடத்திலெ இருந்தாங்க."

பிரசிடண்ட் நீளமாக மூச்சுவிட்டார். ரம்லத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மீராசா வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார். அன்சில் வழிவிட்டு ஒதுங்கினான். மீராசா அவனைக் கடக்கும்போது அவன் தோளை ஒருமுறை தொட்டார், அவ்வளவுதான்.

சபூரா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மீராசா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சபூரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

"என்னைப் பொய்யனாக்கிட்டே" என்றார்.

"நேத்து வரைக்கும் காஃபிர்னு சொன்னாங்க. அதுக்கு நீங்க இப்டி வருத்தப்படல்லே."

"அது அவங்க சொன்னது. இது நீ சொன்னது."

அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கலாம். உங்கள் வேதத்துக்கும் அவர்கள் ஹதீஸுக்கும் நடுவில் என் பிள்ளைதான் காய்ந்துபோனாள், உங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மையும் இல்லை. அவருக்கும் ஆகியிருந்தது. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

நிக்காஹ் மதறஸா ஹாலில் நடந்தது. ஆட்கள் நிறைய வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பிரியாணி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீராசாவின் தம்பி பெண்ணைக் கொடுத்தார். மீராசா அன்றைக்கும் மண்டிக்குப் போனார். சத்தியதாஸ் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து பந்தி விசாரித்தார். மீராசா எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. அதற்கடுத்த மாதம் ஜமாஅத்திலிருந்து ஓர் ஆள் வந்து, சபூராவின் பேரில் சந்தா வாங்கிப் போனான்.

மீராசா அவளை ஒருநாளும் கடிந்து பேசவில்லை. மண்டிக்குப் போகிறார், வருகிறார், வைத்ததைச் சாப்பிடுகிறார். முன்பெல்லாம் படித்ததில் ஏதாவது ஒன்றை அவளிடம் சொல்லுவார்; அவள் ஏதாவது குறுக்கே சொல்லுவாள். அது நின்றுபோயிற்று. மருமகன் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். வெறுப்பினால் இல்லை என்று சபூராவுக்குத் தெரியும். அவனைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தோன்றுமோ அது அவளுக்கும் தோன்றியது. அன்சில் சாப்பிட உட்காரும்போது குனிகிற விதம், கழுத்தில் முடி சுழிக்கிற இடம், அவளுக்கு அவன் பிறந்த மாதத்திலிருந்தே தெரியும்.

தொழுதுவிட்டுப் பாயில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்ப்பாள். செய்கிற பாவத்தை விட்டுவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். விடுவதென்றால் ஷெமியின் வீட்டைப் பிரித்துப்போட வேண்டும். ஷெமி அங்கே சந்தோஷமாக இருந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டு, போனில் அன்சிலோடு மலையாளத்தில் சண்டை போட்டாள். மகள் சந்தோஷமாக இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பொய் இன்னொரு நாள் நீண்டது. சபூரா கையைக் கீழே விட்டுவிட்டுப் பாயைச் சுருட்டி வைப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஷெமி ஒருநாள் தனியாக வந்தாள். மீராசா மண்டியில் இருந்தார். ஷெமி சமையலறையில் வந்து தரையில் உட்கார்ந்தாள். மாசமாக இருக்கிறாள் என்பது, அவள் உட்கார்ந்த விதத்திலேயே சபூராவுக்குத் தெரிந்துவிட்டது. மகளின் தலையில் கைவைத்தாள். வெளியே முற்றத்தில் ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"உம்மா."

"சொல்லு."

"ஒண்ணு கேக்கட்டா? கோபப்படக் கூடாது."

சபூரா அடுப்பைக் குறைத்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது என்றுதான் தெரிந்திருக்கவில்லை.

"மூணுதானே?" என்றாள் ஷெமி. அவள் உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்தாள்.

"மூணுதான்" என்றாள் சபூரா.

ஷெமி தலையாட்டினாள். வெகுநேரம் ஆட்டினாள்.

"செரி" என்றாள். "இனி நான் இதைக் கேக்க மாட்டேன், உம்மா. வாப்பாகிட்டே நீ கேட்டுக்கோ, எனக்குப் பிள்ளை பிறந்தா பாக்க வருவாங்களான்னு. வரல்லேன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் மீராசா வந்ததும் சபூரா விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாக்கப் போகணும்" என்றார். "பிள்ளை என்ன செய்யும்?"

பிறகு எழுந்து, முகம் கழுவப் போனார். சபூரா அவருக்குச் சோறு எடுத்து வைத்தாள்.